ஏரியை வீட்டுக்கு அழைத்தவள்

கோடாங்குளத்துக்காரர்கள் யாரைப் பார்த்துவிட்டுப் பிரிந்தாலும், அது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவராக இருக்கட்டும், ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் நின்றவராக இருக்கட்டும், கோர்ட்டில் எதிர்த்து வழக்காடுகிற பங்காளியாகவே இருக்கட்டும், "ஒருநாள் நம்ம வீட்டுக்கு வாங்க" என்று சொல்லாமல் பிரிவதில்லை. கேட்டவர் "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்பார். யாரும் வரப்போவதில்லை என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். இந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஊர் நெடுங்காலம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமலே மிகுந்த அன்போடு வாழ்ந்துவந்தது. அழைத்தால் வந்துவிடுகிறவர்களும் உலகத்தில் உண்டு என்று அவர்கள் தெரிந்துகொண்டது, தில்லைக்கரசி ஓர் ஏரியை வீட்டுக்கு அழைத்த கோடையில்தான்.

தில்லைக்கரசி பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தாள். காலையில் கறவைக்காரர்கள் கொண்டுவரும் பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, அதில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்வது அவள் வேலை. அவள் கணவன் ஆதிமூலம் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடை வைத்திருந்தான். சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்த வேண்டுமென்று ஊரில் யார் யாரை அழைத்தாலும் அந்த அழைப்பு அவனுடைய மெஷினிலிருந்துதான் மை காயாமல் வெளியே வந்தது. ஒரே வீட்டில் தண்ணீரைக் கண்டுபிடிக்கிறவளும் அழைப்பை அச்சடிக்கிறவனும் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று பின்னால் சிலர் காரணம் சொன்னார்கள். காரணம் தேடுகிறவர்களுக்கு அது கிடைக்காமல் போனதாகச் சரித்திரமே இல்லை.

தில்லை பிறந்தது ஆற்றங்கரையில். கல்லூரி நாட்களில் ஆற்றின் குறுக்கே நீந்தி அக்கரை மண்டபத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவாள். வாக்கப்பட்டு வந்த ஊரின் பெயரில் குளம் இருந்தது. குளத்தில் பஸ் ஸ்டாண்ட் இருந்தது. கரை இருந்த இடத்தில் அவர்கள் தெரு இருந்தது. லாரித் தண்ணீர் வரும் நாட்களில் ஒரு வாளி, வராத நாட்களில் அரை வாளி. கல்யாணமான பிறகு அவள் உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நனைந்ததே இல்லை. தலை நனையும்போது கால் காய்ந்திருக்கும், கால் நனையும்போது முதுகு காய்ந்துவிடும். இதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை, சொல்கிற மாதிரியான குறையாகவும் அது தெரியவில்லை.

அந்தச் சித்திரையில் தெருச் சங்கத்துச் செயலாளர் சொரிமுத்து அண்ணாச்சி மூணேரி மலைக்கு வேன் பேசினார். "ஏத்தம் ஒண்ணும் பெருசில்ல, பிள்ளைகளும் ஏறிரும், குளிக்க மூணு ஏரி கிடக்கு, விளக்கு வைக்க வீடு வந்துரலாம்" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். ஏரி என்றால் மனிதர்கள் கரை கட்டித் தேக்கிய நீர். மலைமேல் தானாகக் கிடப்பதைப் பொய்கை என்றோ சுனை என்றோதான் சொல்ல வேண்டும் என்று அகராதி பிடித்தவர்கள் வாதாடலாம். ஆனால் அடிவாரத்தில் வனத்துறை வைத்த பலகையில் மூணேரி என்றுதான் இருக்கிறது, மலைமேல் இருக்கிற ஏரிகளும் அதை மறுத்து எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

அடிவாரத்து டீக்கடையில் ராக்கம்மா என்பவள் வழி சொன்னாள். முதலில் சின்னவள், இடுப்பளவுதான், கைக்குழந்தையைக்கூட நனைக்கலாம். அதற்குமேல் நடுவுள்ளவள், நீந்தப் பழகுகிறவர்களுக்கு. உச்சிக்குக் கீழே பெரியவள். ஆழம், ஆனால் ஆளை இழுக்கமாட்டாள், பாறைகளுக்கு நடுவே வெயில்பட்டுக் கிடப்பாள், குளிர்ச்சி மட்டும் பல்லைக் கிட்டவைக்கும். ஊற்று பெரியவளிடம்தான்; அவள் நிறைந்து வழிந்தால்தான் மற்ற இரண்டு பேருக்கும் தண்ணீர், அவர்கள் வழிந்தால்தான் கீழே எருமைகளுக்கு. "பாத்துக் குளிங்க. சோப்புப் போடாதீக, அவுகளுக்குப் பிடிக்காது" என்றாள் ராக்கம்மா.

பெரியவளிடம் போய்ச் சேர்ந்ததும் ஆண்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டும் பிள்ளைகள் போட்ட உடுப்போடும் தண்ணீரில் விழுந்தார்கள். பெண்கள் நிழலாய்ப் பார்த்து ஒரு பாறையில் அமர்ந்து எலுமிச்சம் சோற்றையும் உருளைக்கிழங்கு வறுவலையும் காவல் காத்தார்கள். தில்லை சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல் ஏற்றாமல் பாதங்களை மட்டும் நீரில் வைத்துக்கொண்டு, ஏரி நடுவில் தலை மட்டும் தெரிந்த பட்டமரத்தைப் பார்த்தாள்.

அவள் மகள் நிறைமதி கழுத்தளவு தண்ணீரிலிருந்து கத்தினாள். "அம்மா, நீ நல்லா நீச்சலடிப்பேன்னு சொன்னியே, சும்மாவா?"

"சும்மா இல்லட்டி. இன்னைக்கு வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

சொரிமுத்து அண்ணாச்சியின் மனைவி ரெங்கநாயகி வீங்கிய முழங்காலைத் தடவிக்கொண்டே பதில் சொன்னாள். "உங்கம்மா இறங்கிட்டா, மேல ஏறி வர்ற இந்த மகராசன்களுக்கு இலை போடுறது யாரு, நீயா?"

பெண்கள் சிரித்தார்கள். தில்லையும் சிரித்தாள். தண்ணீர் அவள் கணுக்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டது.

சாப்பிட்டவர்கள் தூங்கி எழுந்து இறங்கத் தொடங்கினார்கள். ஆதிமூலத்தின் இடதுகால் செருப்பு நீருக்குள் போய்விட்டிருந்தது. மற்றதைக் கையில் பிடித்தபடி நொண்டிக்கொண்டு போனான். கடைசியாக நின்று பாத்திரம் கழுவியவள் தில்லை. கழுவி முடித்து, நிமிர்ந்து, சாப்பிட்ட வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொள்கிற அதே முகத்தோடு, "போயிட்டு வாறேன்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய்க்குப் பழகியது தானாக வந்தது. "ஒருநாள் நம்ம வீட்டுக்கு வாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரி வந்தது.

எந்த வழியாக வந்தது என்று பார்த்தவர்கள் இல்லை. மலைக்கும் கோடாங்குளத்துக்கும் நடுவே உள்ள ஊர்களில் அன்று காலை வாசல் தெளிக்க வந்த பெண்கள், வாசல் ஏற்கெனவே நனைந்திருப்பதைக் கண்டு, கோலத்தை மட்டும் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். தில்லை பின்கதவைத் திறந்தபோது, வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலிமனையில், தெருச் சங்கம் பிள்ளையார் கோயில் கட்டுவதற்காக வேலி போட்டு வைத்திருந்த இடத்தில், வேலிக்கம்பிகளைச் சேதப்படுத்தாமல், பெரியவள் படுத்திருந்தாள். மேலே மூடுபனி. நடுவில் மலையில் பார்த்த அதே பட்டமரத்தின் தலை. ஓரத்து நீரில் நெற்றியில் வெள்ளை நாமத்தோடு இரண்டு நாமக்கோழிகள் மிதந்தபடி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தன. வேலி ஓரமாக ஆதிமூலத்தின் செருப்பு, கழுவி வைத்ததுபோல் இருந்தது. வெறுங்கையோடு வரக் கூடாது என்பது ஏரிக்கும் தெரிந்திருந்தது.

தில்லை கணவனை எழுப்பினாள். "ஏங்க, மூணேரியில இருந்து வந்திருக்காங்க."

"யாரு?"

"பெரியவங்க."

ஆதிமூலம் வந்து பார்த்தான், சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான், உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டுவந்தான். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் தர வேண்டும். வந்தவரே தண்ணீர் என்றால் என்ன செய்வதென்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அவன் லாரித் தண்ணீரில் ஒரு சொம்பை, இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக ஏரிக்குள் ஊற்றினான். ஏரி அதை வாங்கிக்கொண்டது.

காபி ஆறுவதற்குள் தெரு திரண்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. சொரிமுத்து அண்ணாச்சி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்க. எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். அந்த ஊரில் விருந்தாளியிடம் எப்போது போவீர்கள் என்று கேட்பது பாவம். எப்போது வந்தீர்கள் என்று கேட்டு மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். ஏரியில் ஒரு சிற்றலை எழுந்து அவர் காலடிவரை வந்து திரும்பியது. அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்றுமுதல் தெருவில் யாரும் அந்த ஏரியை அது என்று சொல்லவில்லை. பெரியவங்க தூங்குறாங்க, அந்தப் பக்கம் பந்து போடாதே. பெரியவங்களுக்குப் பொரி பிடிக்குமாம், மீன் எல்லாம் மேலே வருது. பெரியவங்க இருக்கிறப்ப தெருவில் என்ன சண்டை. அக்கினி நட்சத்திரத்தில் பிள்ளைகள் ஸ்வெட்டர் கேட்டு அழுதார்கள். தூர்ந்துபோன கிணறுகளில் ஊற்றுக் கண் திறந்தது. லாரிக்காரன் வந்து பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனான். வந்த விருந்தாளியையே மொண்டு குடிப்பது முறையா என்று முதலில் ஒரு தயக்கம் இருந்தது. சொரிமுத்து அண்ணாச்சி அதைத் தீர்த்துவைத்தார். "வந்தவுக வாங்கிட்டு வந்த பழத்தை நாம திங்கிறதில்லையா? திங்கலைன்னாதான் அவுகளுக்குச் சங்கடம்." அதன்பிறகு டிரம்களும் சின்டெக்ஸ் தொட்டிகளும் நிறைந்தன.

மூன்றாவதோ நான்காவதோ விடியலில், பால் சங்கத்துக்குக் கிளம்புமுன், தில்லை பழைய சுடிதாரை உடுத்திக்கொண்டு பின்கதவு வழியாக இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து என்று தண்ணீர் ஏறியது, பிறகு தரை விட்டுப்போனது. இத்தனை வருஷமாக வாளிக்குக் குனிந்த முதுகு நீரின் மேல் மல்லாந்தது. காதுக்குள் தண்ணீர் புகுந்து ஊரின் சத்தம் நின்றது. அவள் பட்டமரம்வரை நீந்திப்போய் அதைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள், மறுபடி போனாள், மறுபடி திரும்பினாள். கரையேறியபோது அவளுக்கு உடம்பு கனத்தது. இவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டா நடமாடினேன் என்று அவளே அதிசயப்பட்டாள்.

ரெங்கநாயகி மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். மறுநாள் விடியலில் நைட்டிக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு வேலியோரம் நின்றாள்.

"ஏளா தில்லை, எனக்கு நீச்சல் தெரியாது."

"நான் பிடிச்சுக்கிடுதேன் மதினி. சும்மா படுங்க."

"படுத்தா எந்திரிக்க மாட்டேன், முட்டி அப்படி."

"எந்திரிக்க வேண்டாம். அதுக்குத்தான இங்க வாறது."

தில்லை ஒரு கையைப் பிடரியிலும் ஒரு கையை இடுப்பிலும் கொடுத்தாள். ரெங்கநாயகி நீரில் படுத்து வானத்தைப் பார்த்தாள், சத்தமில்லாமல் அழுதாள், பிறகு முழங்காலை மடக்கி நீட்டி மடக்கி நீட்டி, கைக்குழந்தை மாதிரி விளையாடினாள். அதற்கடுத்த நாள் இன்னும் நான்கு பேர். பிறகு தெருவின் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். நைட்டியோடும் பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டியும், மகளின் டீ சர்ட்டைப் போட்டுக்கொண்டும், பிரசவத்துக்கு வந்திருந்தவளும் பிரசவம் முடித்தவளும், மாமியாரும் அவளோடு பேசாத மருமகளும். அந்த நேரத்தில் ஆண்கள் பின்கதவுகளைத் திறப்பதில்லை என்று ஒரு வழக்கம் யாரும் சொல்லாமலே உண்டானது. ஏளா என்றும் ஏட்டி என்றும் உள்ளேயிருந்து கூப்பிட்டவர்களுக்குப் பதில் வரவில்லை. காபி தாமதமாயிற்று. அதற்காக யாரும் செத்துப்போகவில்லை.

இப்படியே இருந்திருக்கலாம். ஆனால் விருந்தாளிக்கும் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு நாளும் வெயில் தாழ்கிற நேரத்தில் ஏரி கிழக்குப் பக்கத்தை விட்டுவிட்டு, மலை இருக்கிற மேற்குக் கரையோரமாகத் தன்னைச் சேர்த்துக்கொள்ளும். நாமக்கோழிகள் இரண்டும் எழுந்து முன்னால் வந்து நிற்கும். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பேச்சு முடியக் காத்திருக்கிற பெண்ணைப்போல் இருக்கும் அது. உடனே அந்த வழியாகப் போகிற யாராவது, காய்கறிப் பையோடோ சைக்கிளோடோ நின்று, "அதுக்குள்ள என்ன அவசரம்? இருங்க, போகலாம்" என்பார்கள். கோடாங்குளத்தில் கிளம்புகிறவரைப் பார்த்து வேறு எதையும் சொல்ல யாருக்கும் தெரியாது. ஏரி மறுபடி படுத்துக்கொள்ளும்.

மற்றவர்கள் பழக்கத்தில் சொன்னார்கள். தில்லை மனதாரச் சொன்னாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் பின்கதவைத் திறந்து அவள் முதலில் பார்ப்பது ஏரி எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்றுதான். மேற்கே ஒதுங்கியிருந்தால் பையைக்கூட இறக்கி வைக்காமல் வேலியோரம் போவாள். "இருங்க" என்பாள், "நாளைக்குப் போகலாம், இருங்க" என்பாள், ஏரி கிழக்கே பரவி வேலியைத் தொடும்வரை நிற்பாள்.

முதலில் மூடுபனி போனது. பிறகு ஓரங்களில், நீர் இறங்கிய தடமாக, வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. மறுவாரம் அதற்கு உள்ளே இன்னொரு கோடு. பட்டமரம் தலை மட்டும் தெரிந்தது போய்த் தோள்வரை தெரிந்தது. ஒருநாள் காலை நாமக்கோழிகளைக் காணவில்லை. பெண்கள் நீந்தியபோது கால் தரை தட்டியது, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. "நமக்கு ஏத்தாப்ல பக்குவமா ஆயிட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். தில்லை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். பாலில் எவ்வளவு தண்ணீர் என்று நாள் தவறாமல் பார்க்கிறவளுக்கு, அந்தத் தண்ணீரில் தண்ணீர் குறைந்துகொண்டே வருவது தெரிந்தது. தெரிந்தும் அன்று சாயங்காலம் அவள் "இருங்க" என்றுதான் சொன்னாள்.

அதற்கு மறுநாள் ராக்கம்மா வந்தாள். டீக்கடையைச் சாத்திவிட்டு, நல்ல சேலை உடுத்தி, பையில் மலைவாழைப்பழத்தோடு, தெருவில் நுழைந்து முதல் வீட்டில் கேட்டாள். "எங்க பெரியவுக இந்தப் பக்கம் வந்திருக்காகளாமே, எந்த வீடு?"

தில்லை அவளைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். ராக்கம்மா கரையில் உட்கார்ந்தாள். நீருக்குள் கையை விட்டாள், உடனே எடுத்துக்கொண்டாள்.

"சுடுது" என்றாள்.

தில்லை உள்ளே போய்க் காபி கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

"கூட்டிட்டுப் போகலாம்னு வரல தாயி. விருந்துக்கு வந்த இடத்துல பாதியில கைய பிடிச்சு இழுக்கிறது மரியாதை இல்ல. எப்படி இருக்காகன்னு பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்." அவள் ஈரக்கையைச் சேலையில் துடைக்கவில்லை, அப்படியே மடியில் வைத்திருந்தாள். "நடுவுள்ளவ சேறாயிட்டா. சின்னவ இருந்த இடத்துல பிள்ளைக கோலி விளையாடுது. எருமைய எல்லாம் சொந்தக்காரக ஊருக்கு ஓட்டிவிட்டுட்டோம். அது கிடக்கட்டும். இவுக நல்லா இருக்காகன்னா சரின்னு வந்தேன்."

காபியைக் குடித்தாள், டம்ளரைக் கழுவி வைத்தாள், எழுந்தாள். வாசல்வரை வந்த தில்லையைப் பார்த்து, "வாறேன் தாயி. நீங்களும் ஒருநாள் அங்க வாங்க" என்றாள், சொல்லிவிட்டு, வாயிலிருந்து விழுந்ததைப் பார்க்கிறவள்போல ஒரு கணம் நின்றாள்.

அன்று அதற்குமேல் தில்லை பின்கதவைத் திறக்கவில்லை. சாயங்காலம் தெருக்காரர்களைக் கூட்டச் சொன்னாள். வேலியோரமாகக் கூடினார்கள்.

"அவங்கள அனுப்பிறணும் அண்ணாச்சி" என்றாள்.

சொரிமுத்து அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. "அனுப்புறதா? வீட்டுக்கு வந்தவுகள வெளிய போன்னு சொல்ற வழக்கம் நம்ம ஊர்ல எப்ப வந்துச்சு? நாம போகச் சொல்லல, இருக்கச் சொல்றோம். இதுல என்னம்மா தப்பு?"

"சாகுற வரைக்கும் இருக்கச் சொல்றோம் அண்ணாச்சி."

தில்லை ஏரியைக் காட்டினாள். நீருக்கு மேலே பட்டமரம் இடுப்புவரை தெரிந்தது.

"அவங்களுக்கு எந்திரிச்சுப் போகத் தெரியாதா? நாம சொன்னதும் வந்தாங்க. நாம சொன்னதும் இருக்காங்க. தினமும் கிளம்புறாங்க, தினமும் நாம விடல. அதுல ரொம்பச் சொன்னது நான்தான். எனக்குத் தெரிஞ்சுதான் சொன்னேன்." அவள் குரல் உடையவில்லை, தணிந்துதான் இருந்தது. "அழைச்சவ நான். நானே கொண்டுபோய் விட்டுட்டு வாறேன்."

"அப்ப நம்ம வீட்டம்மா முட்டி?" என்றார் அண்ணாச்சி, வேறு எதுவும் கிடைக்காமல்.

ரெங்கநாயகி கூட்டத்தின் பின்னாலிருந்து சொன்னாள். "என் முட்டிய எதுக்கு நடுவுல இழுக்கீக? அது எங்கிட்டத்தான் இருக்கு, நான் பாத்துக்கிடுதேன். நீங்க போய் வேன் பேசுங்க."

வேன் போதவில்லை. விடிவதற்குள் எல்லா வீடுகளும் விழித்துக்கொண்டன, அப்புறம் யாரும் சொல்லாமல் எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்: டிரம்மிலும் தொட்டியிலும் அண்டாவிலும் பிடித்து வைத்திருந்ததைக் குடங்களில் மொண்டு கொண்டுவந்து வேலியோரம் வைத்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சீப்புப் பழம், ஒரு ரவிக்கைத் துணி. வீட்டுக்கு வந்த பெண்ணை அப்படித்தான் அனுப்ப வேண்டும். தில்லை தாம்பாளத்தை நீரில் மிதக்கவிட்டாள். ஏரி அதைச் சாய்க்காமல் ஏந்திக்கொண்டது. பிறகு அவள் மேற்கே பார்த்து நின்று, "வாங்க, நான் கொண்டுவந்து விடுதேன்" என்றாள். அன்றைக்கு யாரும் அவசரம் என்ன என்று கேட்கவில்லை. பெற்றவர்கள் பிள்ளைகளின் வாயைக் கையால் பொத்தியிருந்தார்கள்.

வேன்கள் மாட்டுவண்டி வேகத்தில் போயின. பக்கத்தில், தண்ணீர் ஓடி வருஷங்களான ஓடையில், ஏரி தன்னை ஒடுக்கி நீட்டிக்கொண்டு வந்தது. வயதானவர்களைப்போல அங்கங்கே நின்று வந்தது. நிற்கிற இடத்தில் வேனும் நின்றது. வழியில் உள்ள ஊர்க்காரர்கள் சாவு ஊர்வலமோ என்று வெளியே வந்து, இல்லை என்று பார்த்து, அப்படியும் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார்கள். ஒரு கிழவர் ஒரு டம்ளர் தண்ணீரை ஓடையில் ஊற்றினார்.

அடிவாரத்திலிருந்து நடை. முன்பு எலுமிச்சம் சோற்றோடு ஏறிய அதே பாதையில் இப்போது இடுப்பிலும் தோளிலும் குடங்களோடு ஏறினார்கள். ஆதிமூலம் இரண்டு குடம் சுமந்தான், அவன் காலில் மீண்டுவந்த செருப்பு இருந்தது. நிறைமதி தூக்குவாளி வைத்திருந்தாள். ரெங்கநாயகி ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்து எழுந்தாள், அவள் சொம்பு மட்டும் தளும்பவில்லை. ராக்கம்மா டீக்கடை வாசலில் நின்று இவர்கள் ஏறுவதைப் பார்த்தாள், பிறகு அவளும் பின்னால் ஏறினாள். சின்னவள் இருந்த பள்ளத்தில் ஒரு சொம்பு, நடுவுள்ளவள் இருந்த சேற்றில் ஒரு சொம்பு என்று ஊற்றிக்கொண்டே போனார்கள். ஏரி அவர்களோடு பாறைக்குப் பாறை, வேருக்கு வேர், மேல்நோக்கி ஏறியது. மலையேறுகிற நீர் எப்படிச் சத்தம் போடும் என்று அன்று போனவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டால், சத்தமே இல்லை, மூச்சு வாங்கியதுதான் கேட்டது என்பார்கள்.

உச்சிக்குக் கீழே தன் இடத்துக்கு வந்ததும் பெரியவள் படுத்தாள். பள்ளத்தில் கால்வாசிகூட நிறையவில்லை. குடங்களைக் கவிழ்த்தார்கள். வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ராக்கம்மா குனிந்து கையை விட்டுப் பார்த்து, "ஊத்து பேசுது" என்றாள்.

இனிச் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். அதுதான் கஷ்டமாக இருந்தது. கோடாங்குளத்துக்காரர்கள் ஒரு தெரு முழுக்க, வாய்ச்சொல்லிலேயே வாழ்ந்தவர்கள், வாயைத் திறந்தால் அந்த வாக்கியம் வந்துவிடுமே என்று பயந்து, ஒருவர் பின் ஒருவராகக் கும்பிட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஆயிரம் ஆயிரமாக அழைப்பு அச்சடித்த ஆதிமூலம் துண்டை வாயில் திணித்துக்கொண்டு போனான். பிள்ளைகள்கூடத் திரும்பிக் கையாட்டவில்லை.

தில்லை கடைசியாக நின்றாள். முன்பும் அப்படித்தான் நின்றாள், அப்போது கையில் கழுவிய பாத்திரம் இருந்தது. இப்போது எல்லாரும் பார்க்கிற வெளிச்சத்தில், உடுத்திய சேலையோடு, இலை யார் போடுவார்கள் என்று யோசிக்காமல் நீரில் இறங்கினாள். ஆழம் இல்லை. மல்லாந்து படுக்கிற அளவுக்கு இருந்தது. பல்லைக் கிட்டவைக்கிற குளிர்ச்சி அடியிலிருந்து நூலாக ஏறி அவள் முதுகைத் தொட்டது. எழுந்து, சேலை முந்தானையைப் பிழிந்து, பிழிந்த தண்ணீரை அங்கேயே விட்டுவிட்டு, சொன்னாள்.

"இனிமே நான் வாறேன்."

அதன்பிறகு கோடாங்குளத்தில் பேச்சு குறைந்தது. யாரையும் வீட்டுக்கு வாங்க என்று சொல்வதற்கு முன் உலையில் அரிசி இருக்கிறதா என்று யோசித்தார்கள். அப்படி யோசித்துச் சொன்னபோது, அழைக்கப்பட்டவர்கள் உண்மையாகவே வந்தார்கள்; வருஷக்கணக்காக அன்பு மட்டும் பாராட்டியவர்கள் ஒருவர் வீட்டுத் திண்பண்டத்தை ஒருவர் முதல்முறையாகத் தின்று பார்த்தார்கள், சில வீடுகளில் ஏன் இத்தனை நாள் போகவில்லை என்பதும் விளங்கியது. ஆதிமூலத்துக்கு அச்சு வேலை பாதியாயிற்று. தண்ணீர் லாரி மறுபடி வந்தது. காலிமனையில் வெள்ளைக்கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அப்படியே இருந்தன, அங்கே பிள்ளையார் கோயில் கட்டும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

தில்லை ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் மலைக்குப் போனாள். ரெங்கநாயகி முட்டியோடு போனாள், நிறைமதி போனாள், தெருவில் பாதிப்பேர் போனார்கள். மழைக்காலம் முடிந்தபோது பெரியவள் வழிந்தாள், நடுவுள்ளவள் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தந்தாள், சின்னவளிடம் எருமைகள் வந்து நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் எலுமிச்சம் சோற்றை ஆண்கள் பரிமாறினார்கள். உப்பு எப்போதும் ஒரு கல் கூடுதல்தான்.

தை மாதத்தில் தில்லைக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு ஞாயிறு போக முடியவில்லை. அடுத்த ஞாயிறும் உடம்பு தாங்கவில்லை. அதற்கு மறுநாள் காலையில் அவள் வாசல் தெளிக்க வாளியோடு கதவைத் திறந்தபோது வாசல் ஏற்கெனவே நனைந்திருந்தது. கேட்டுக்கு வெளியே, ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு, மூடுபனி நின்றுகொண்டிருந்தது. உள்ளே வரவில்லை. யாரும் கூப்பிடவில்லையே, எப்படி வரும்? காய்ச்சல் கேட்க வந்தவர்கள் நிற்பதுபோல, சற்று ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

உள்ளேயிருந்து ஆதிமூலம் குரல் கொடுத்தான். "யாரு வந்திருக்கா?"

வாய்வரை வந்த வாங்க என்ற சொல்லைத் தில்லை விழுங்கிக்கொண்டாள். அவள் வாளியை இறக்கி வைத்தாள், சேலையை இழுத்துச் செருகினாள், செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து, மலையைப் பார்த்து மேற்கே நடந்தாள்.